ரோகோசென் வெள்ளிப் புதையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கேரியாவில் கிடைத்த ரோகோசென் புதையலைப் பற்றித் தமிழில் படிக்க அதிகம் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு ஆர்வத்தோடு கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்தப் பாத்திரங்களை வெறும் அழகுப் பொருளாக மட்டும் பார்த்தால் பாதிக் கதை போய்விடும். ஒரு அரசு எப்படி நடந்தது என்பதற்கான சாட்சி அவற்றில் இருக்கிறது. அதனால் சில பதில்கள் நீளும்.

ரோகோசென் புதையல் என்றால் என்ன?

வடமேற்குப் பல்கேரியாவில், வ்ராட்சா மாகாணத்தில் உள்ள ஒரு சிற்றூர் ரோகோசென். அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த 165 வெள்ளிப் பாத்திரங்களின் தொகுப்புக்குத்தான் இந்தப் பெயர். அவற்றில் 108 கைப்பிடியில்லாத அகன்ற கிண்ணங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவை கைப்பிடி வைத்த சிறு ஜக்குகள். கோப்பைகள் மிகச் சில. பலவற்றில் உருவங்கள் இருக்கும் இடத்துக்கு மட்டும் தங்க முலாம் பூசியிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து எடை 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

திரேசியர் வாழ்ந்த நிலப்பரப்பில் இதுவரை கிடைத்த வெள்ளிப் பாத்திரத் தொகுப்புகளில் எண்ணிக்கையில் மிகப் பெரியது இதுதான்.

எப்படிக் கிடைத்தது?

1985 இலையுதிர் காலத்தில், அந்த ஊரைச் சேர்ந்த டிராக்டர் ஓட்டுநர் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்தில் பள்ளம் தோண்டியபோது மண்வெட்டியில் வெள்ளி தட்டுப்பட்டது. அப்போது வெளியே வந்தவை 65 பாத்திரங்கள். தகவல் அறிந்து வ்ராட்சா அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர்கள் வந்தார்கள். 1986 ஜனவரி தொடக்கத்தில் அதே தோட்டத்தில் அவர்கள் தோண்டியதில், பக்கத்திலேயே இருந்த இன்னொரு குழியில் மேலும் 100 பாத்திரங்கள் அகப்பட்டன.

இரண்டு குழிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். கைக்கு வந்ததை ஓட்டமாக ஓடி ஒரே குழியில் கொட்டி மூடிய மாதிரி இல்லை. ஒன்று அகப்பட்டாலும் மற்றது தப்பட்டும் என்று பிரித்துப் புதைத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இது யாருடைய கல்லறையிலிருந்து வந்தது?

கல்லறையிலிருந்து வரவில்லை. எலும்பு, சாம்பல், மேடு எதுவும் இல்லை. திரேசிய நிலத்தில் கிடைத்த பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் பிரபுக்களின் சமாதி மேடுகளிலிருந்து வந்தவை என்பதால் இந்தக் கேள்வி எழுகிறது. ரோகோசென் அப்படிப்பட்டதல்ல. திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ மறைத்து வைத்த சொத்து அது.

திரேசியர் யார்?

இன்றைய பல்கேரியா, வடகிழக்குக் கிரீஸ், துருக்கியின் ஐரோப்பியப் பகுதி, ருமேனியாவின் தெற்கு ஆகியவற்றில் பரவி வாழ்ந்த பல குலங்களைக் கிரேக்கர் திரேசியர் என்று சேர்த்து அழைத்தார்கள். இவர்களுக்குச் சொந்த மொழி இருந்தது. ஆனால் அதில் எழுதிய நூல் எதுவும் நம் கைக்கு வரவில்லை. 1912-இல் எசெரோவோ என்ற இடத்தில் கிடைத்த ஒரு தங்க மோதிரத்தில் கிரேக்க எழுத்துகளால் திரேசிய மொழியில் பொறித்திருக்கிறார்கள். அதில் 61 எழுத்துகள் உள்ளன. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பொருளை இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே திரேசியரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவர்களைப் பார்த்த கிரேக்கர் எழுதியதிலிருந்தும் மண்ணுக்குள்ளிருந்து வரும் பொருள்களிலிருந்தும்தான்.

இந்தக் கதைக்கு இரண்டு கூட்டத்தாரை நினைவில் வைத்தால் போதும். தென்கிழக்கே ஒட்ரிசியர். பெரிய அரசைக் கட்டியவர்கள். வடமேற்கே, தன்யூப் நதியை ஒட்டி, திரிபல்லியர். ஒட்ரிசியருக்கு அடங்காதவர்கள். ஒட்ரிசிய மன்னன் சிடால்கெஸ் கி.மு. 424-இல் திரிபல்லியரோடு போரிட்டுத்தான் இறந்தான். ரோகோசென் இருப்பது திரிபல்லியர் பகுதியில்.

அந்த அகன்ற கிண்ணங்களில் எப்படிக் குடித்தார்கள்?

அந்தக் கிண்ண வகைக்குக் கிரேக்கத்தில் ஃபியாலே என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும், ஆழம் குறைவு, பிடி கிடையாது. நடுவில் உள்பக்கமாக ஒரு குமிழ் எழும்பியிருக்கும். கீழிருந்து பார்த்தால் அந்த இடம் குழியாக இருக்கும். அந்தக் குழியில் விரலைக் கொடுத்து, கட்டைவிரலை விளிம்பில் வைத்தால் கிண்ணம் வழுக்காது. ஜக்கிலிருந்து மதுவைக் கிண்ணத்தில் ஊற்றி, தெய்வத்துக்கென்று கொஞ்சம் தரையில் வார்த்து, பிறகு குடிப்பது வழக்கம். ரோகோசெனில் கிண்ணமும் ஜக்குமாக இருப்பது இதனால்தான். ஒன்று இல்லாமல் மற்றதற்கு வேலையில்லை.

கிரேக்கர் மதுவில் தண்ணீர் கலந்து குடிப்பார்கள். திரேசியர் கலக்காமல் குடிப்பதைப் பிளேட்டோ குறைபோலக் குறிப்பிடுகிறார். பெண்களும் அப்படியே குடிப்பார்கள், உடை மேலெல்லாம் சிந்திக்கொள்வார்கள், அதைப் பெருமையாக நினைப்பார்கள் என்கிறார். அயலார் பார்வை அது. அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரங்களில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

புதையலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. சில பாத்திரங்களில் கிரேக்க எழுத்தில் பெயர்கள் உள்ளன. நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பதைப் போல, பல எழுத்துகள் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதப்பட்டவை.

எழுதியிருப்பது மிகச் சுருக்கம். "கோட்டிஸுடையது, பேயோஸிலிருந்து." "கோட்டிஸுடையது, எர்கிஸ்கேயிலிருந்து." "கோட்டிஸுடையது, அப்ரோஸிலிருந்து." இப்படி ஆளின் பெயர், பிறகு ஊரின் பெயர். கோட்டிஸ் ஒட்ரிசிய மன்னன். கெய்ஸ்டோய், சௌதாபா, அர்கிஸ்கே என்ற ஊர்களும் வருகின்றன. ஒன்றில் கோட்டிஸுக்குப் பதில் கெர்சோப்ளெப்டெஸின் பெயர் இருக்கிறது. அவன் கோட்டிஸின் மகன், அவனுக்குப் பின் அரசாண்டவன். வேறொன்றில் சடோகோஸ் என்ற பெயர். சிடால்கெஸின் மகன் சடோகோஸுக்கு ஏதென்ஸ் குடியுரிமை கொடுத்ததை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். பாத்திரத்தில் உள்ளவன் அவனாகவே இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

ஓரிடத்தில் "கோட்டிஸ், அப்பொல்லோவின் மகன்" என்று எழுதியிருக்கிறது. அரசன் தன்னைத் தெய்வத்தின் பிள்ளை என்று சொல்லிக்கொண்டானா, தெய்வத்தின் ஊழியன் என்றானா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. இன்னோரிடத்தில் "டிஸ்லோயாஸ் செய்தான்". அரசர்களுக்கு நடுவே ஒரு கொல்லன் தன் பெயரைப் பதித்திருக்கிறான். அவனைப் பற்றி வேறெந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது. 165 பாத்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அதுதான்.

அந்த ஊர்ப் பெயர்கள் எதற்கு? அங்கெல்லாம் பட்டறைகள் இருந்தனவா?

அப்படி நினைப்பவர்களும் உண்டு. ஆனால் எனக்கு வலுவாகப் படுவது வேறொரு விளக்கம். இந்த ஊர்கள் அரசனுக்குக் கொடுக்க வேண்டியதை வெள்ளியாகக் கொடுத்த ஊர்கள். அரசன் வந்து தங்கும்போதோ, ஆண்டுக் கப்பமாகவோ, அந்தந்த ஊரின் பெயரைப் பொறித்துக் கொடுத்தது. அப்படிப் பார்த்தால் அந்தக் கிண்ணங்கள் ஒரு கணக்கேட்டின் பக்கங்கள்.

இதை நம்பக் காரணம், ஒட்ரிசியர் அரசாண்ட விதம் பற்றித் துசிடிடீஸ் எழுதியிருப்பது. சிடால்கெஸுக்குப் பின் வந்த மன்னன் சியூதெஸ் காலத்தில் பொன்னும் வெள்ளியுமாக வந்த கப்பம் ஏறத்தாழ 400 தாலந்து (தாலந்து அக்காலத்தின் பெரிய எடை அளவு). அதற்குக் குறையாத மதிப்புக்கு அன்பளிப்பாகப் பொன்னும் வெள்ளியும் வந்தன. துணிமணிகள் தனி. அரசனுக்கு மட்டுமல்ல, அவனுக்குக் கீழிருந்த பிரபுக்களுக்கும் கொடுக்க வேண்டும். பாரசீகத்தில் அரசன் கொடுப்பான், இங்கே அரசன் வாங்குவான் என்கிறார். கேட்டுக் கிடைக்காமல் போவதைவிட, கேட்டவனுக்குக் கொடுக்காமலிருப்பதே இங்கே பெரிய அவமானம். அன்பளிப்பு இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது.

இது நேரில் எப்படி நடந்தது என்பதைக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் காட்டுகிறார். கி.மு. 400-ஐ ஒட்டிய குளிர்காலத்தில், பாரசீகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கிரேக்கக் கூலிப்படையோடு அவர் இன்னொரு சியூதெஸின் விருந்துக்குப் போனார். வாசலிலேயே ஹெராக்ளிடெஸ் என்ற மரோனியா ஊர்க்காரன் விருந்தாளிகளை ஓரங்கட்டி, என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று விசாரிக்கிறான். ஆசியாவிலிருந்து பாரசீகக் கோப்பைகளும் கம்பளங்களும் கொண்டுவந்திருந்த, அந்தப் படையின் தலைவர்களில் ஒருவரான திமாசியோனிடம், இங்கே விருந்துக்கு வருபவர்கள் அரசனுக்குக் கொடுப்பதுதான் வழக்கம் என்று சொல்லி வைக்கிறான்.

விருந்து நடக்கிறது. மூன்று கால் மேசைகளில் இறைச்சியும், அதோடு கோத்த ரொட்டியும். அரசன் தன் முன்னால் இருந்த ரொட்டியையும் இறைச்சியையும் பிய்த்து, விரும்பியவர்களுக்கு வீசுகிறான். மதுக் கொம்புகள் சுற்றி வருகின்றன. ஒரு திரேசியன் வெள்ளைக் குதிரையோடு உள்ளே வந்து, கொம்பை எடுத்து அரசன் நலத்துக்குக் குடித்து, குதிரையைக் கொடுக்கிறான். இன்னொருவன் ஒரு சிறுவனைக் கொடுக்கிறான். இன்னொருவன் அரசிக்கு ஆடைகள். திமாசியோன் எழுந்து ஒரு வெள்ளி ஃபியாலேயும், பத்து மினா (தாலந்தைவிடச் சிறிய அளவு) மதிப்புள்ள கம்பளமும் கொடுக்கிறார். கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாத செனபோன், கொம்பை வாங்கிக்கொண்டு, என்னையும் என் தோழர்களையும் உங்களுக்கு நண்பர்களாகத் தருகிறேன் என்கிறார். அரசன் எழுந்து அவரோடு சேர்ந்து குடித்து, மிச்சத் துளிகளை அவரோடு சேர்ந்தே தெளிக்கிறான்.

அந்தக் கூடத்தில் கைமாறியது ரோகோசெனில் 108 இருக்கின்றனவே, அதே வகைக் கிண்ணம். குடிப்பது, கொடுப்பது, யாருக்கு யார் கட்டுப்பட்டவர் என்று ஊரறியச் சொல்வது எல்லாம் ஒரே செயலாக அங்கே நடந்தது. ஊர்ப் பெயர் வெட்டிய கிண்ணத்தை அரசன் பிறகு வேறொரு குலத் தலைவனுக்கு அனுப்பினால், வெள்ளியோடு அவன் ஆட்சி எட்டிய தூரமும் அந்தத் தலைவனுக்குத் தெரிய வரும்.

கோட்டிஸ் எப்படிப்பட்ட அரசன்?

கி.மு. 384-ஐ ஒட்டி அரியணை ஏறி, 360-ஐ ஒட்டிக் கொல்லப்பட்டவன். ஒட்ரிசிய அரசைத் திரும்பவும் பலமாக்கியவன். ஏதென்ஸோடு ஒரு நேரம் நட்பு, ஒரு நேரம் பகை. ஏதென்ஸின் புகழ்பெற்ற தளபதி இஃபிக்ராடெஸ் அவனுக்கு மருமகன். அந்தத் திருமண விருந்தைப் பாடிய கிரேக்க நகைச்சுவைக் கவிஞர் ஒருவர், அரசனே பொன் ஜக்கில் ரசம் கொண்டுவந்து பரிமாறியதாகவும், மது கலக்கும் கிண்ணங்களைச் சுவைத்துச் சுவைத்து, குடிக்க வந்தவர்களுக்கு முன்பே போதையேறிவிட்டதாகவும் எழுதினார்.

கிரேக்க வரலாற்றாசிரியர் தியோபொம்பஸ் சொன்ன கதை இதைவிடக் கொடியது. அதீனா தேவி தன்னை மணக்க வருகிறாள் என்று கோட்டிஸ் விருந்தும் மணவறையும் ஏற்பாடு செய்தானாம். தேவி வந்துவிட்டாளா என்று பார்த்துவர ஒரு காவலனை அனுப்பினான். வரவில்லை என்றவனை அம்பெய்து கொன்றான். அடுத்தவனுக்கும் அதே கதி. மூன்றாமவன் நிலைமையைப் புரிந்துகொண்டு, அவள் வந்து வெகு நேரமாகக் காத்திருக்கிறாள் என்றான்.

பகை நாட்டார் பரப்பிய கதை இது என்று ஒதுக்கலாம். ஆனால் "அப்பொல்லோவின் மகன்" என்ற எழுத்து வெள்ளியில் இருக்கும்போது, தெய்வத்தோடு உறவு கொண்டாடிய அரசன் என்ற அடிப்படையையாவது ஏற்க வேண்டியிருக்கிறது. கடைசியில் அவனைக் கொன்றவர்கள் ஐனோஸ் நகரத்தைச் சேர்ந்த பைதோன், ஹெராக்ளிடெஸ் என்ற சகோதரர்கள். பிளேட்டோவின் மாணவர்கள் என்று சொல்லப்படுபவர்கள். ஏதென்ஸ் அவர்களுக்குக் குடியுரிமையும் பொற்கிரீடமும் கொடுத்துக் கொண்டாடியது.

பாத்திரங்களில் உள்ள உருவங்கள் என்ன?

எல்லாவற்றிலும் மனித உருவம் கிடையாது. பெரும்பாலானவற்றில் இதழ்கள், வாதுமை வடிவப் புடைப்புகள், வரிவரியான பள்ளங்கள்தான். உருவங்கள் உள்ளவை சிறு பகுதி. புகைப்படங்களில் திரும்பத் திரும்ப வருவது அந்தச் சிறு பகுதியே.

ஒரு கிண்ணத்தின் நடுவில் கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் மதுவெறியில் அதீனாவின் பூசாரிப் பெண் ஆகேயைப் பிடித்து இழுக்கிறான். அவள் பெயரும் அருகிலேயே பொறித்திருக்கிறது. கிரேக்கக் கதை, கிரேக்கக் கைத்திறன். ஒரு ஜக்கில் அதே ஹெராக்ளிஸ், புராணத்தில் அமேசான் என்று வரும் போர்வீரப் பெண் ஒருத்தியோடு மோதுகிறான். இன்னொன்றில் சிறகு முளைத்த குதிரைகள் இழுக்கும் தேர்களில் தேவியர். வேறொன்றில் சிறகுள்ள தேவி விலங்குகளை அடக்கிப் பிடித்திருக்கிறாள். குதிரை வீரர்கள் காட்டுப்பன்றியை வேட்டையாடுவதும் உண்டு.

கிரேக்க வேலையில் உடல் திரும்பும், தசை தெரியும். உள்ளூர் வேலையில் உருவங்கள் நேராக நிற்கும், கண்கள் பெரிதாக இருக்கும், ஆடையின் மடிப்பு கோடுகளாகிவிடும். இதைத் திறமைக் குறைவு என்று பழைய கலை நூல்கள் எழுதின. எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணால் கண்டதை அப்படியே காட்டுவது அந்தக் கொல்லர்களின் நோக்கமாக இருந்திருக்காது. தேவி தேவியாகவும் வேட்டைக்காரன் அரசனாகவும் தெரிய வேண்டும், தூரத்திலிருந்து தீவெளிச்சத்தில் தெரிய வேண்டும். அதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

பாரசீகச் செல்வாக்கு இருக்கிறதா?

நன்றாகவே இருக்கிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக மன்னன் டாரியஸின் படை திரேஸுக்குள் வந்து, சில பத்தாண்டுகள் பாரசீக ஆதிக்கம் இருந்தது. ஃபியாலேயில் வரும் வாதுமைப் புடைப்பு பாரசீக அரசவைப் பாத்திரங்களில் பழகிய வடிவம். படை போன பிறகும் ரசனை தங்கிவிட்டது.

எப்படிச் செய்தார்கள்?

வெள்ளித் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குழிவாக்குவது முதல் வேலை. தட்டத் தட்ட வெள்ளி இறுகும், மேலும் அடித்தால் விரிசல் விடும். அதனால் அவ்வப்போது தீயில் காட்டி இளக்க வேண்டும். பிறகு உளியால் உருவங்களைப் புடைத்தெடுத்து, வெளிப்பக்கம் நுணுக்கக் கோடுகளை இழைப்பார்கள். நாம் நகாசு வேலை என்கிறோமே, அதே வேலை. ஜக்கின் கைப்பிடி தனியாகச் செய்து பொருத்தியது. 165 பாத்திரங்களும் ஒரே கையின் வேலையல்ல, ஒரே பட்டறையின் வேலையும் அல்ல. மிக நேர்த்தியானவையும் அவசரமாகத் தட்டியவையும் கலந்தே கிடக்கின்றன.

கிழக்கே இருந்த ஊர்களின் வெள்ளி வடமேற்குக்கு எப்படிப் போனது?

அப்ரோஸும் எர்கிஸ்கேயும் மர்மரா கடல் பக்கம், இன்றைய துருக்கியின் ஐரோப்பியப் பகுதியில் இருந்தவை. அங்கிருந்து ரோகோசென் வெகு தூரம். நடுவில் பால்கன் மலைத்தொடர் வேறு. மூன்று வழிகளைச் சொல்கிறார்கள்.

முதலாவது, நல்லுறவு. அடங்காத திரிபல்லியத் தலைவர்களை நட்பாக வைத்துக்கொள்ள ஒட்ரிசிய அரசர்கள் அனுப்பிய அன்பளிப்பு, அல்லது பெண் கொடுத்தபோது போன சீர். இரண்டாவது, திரிபல்லியர் நேராகக் கொள்ளையடித்தது. அவர்கள் தொலைதூரம் போய்த் தாக்கக்கூடியவர்கள்தான். கி.மு. 376-ஐ ஒட்டி ஏஜியன் கடற்கரையின் அப்தேரா நகரம் வரை வந்து சூறையாடினார்கள்.

மூன்றாவதில் மாசிடோனிய மன்னன் பிலிப் வருகிறான். அவன் கி.மு. 341-இல் கெர்சோப்ளெப்டெஸை அரியணையிலிருந்து இறக்கினான். ஒட்ரிசியக் கருவூலம் அவன் கைக்குப் போயிருக்கும். கி.மு. 339-இல் சித்தியர் என்ற நாடோடி மக்களை வென்று திரும்பும் வழியில் திரிபல்லியர் அவனை மறித்து, கொள்ளையில் பங்கு கொடுத்தால்தான் வழிவிடுவோம் என்றார்கள். சண்டையில் பிலிப்புக்குத் தொடையில் படுகாயம். கொள்ளைப் பொருளும் போயிற்று. ரோகோசென் வெள்ளி அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது இந்தக் கருத்து. கேட்கச் சுவையாக இருந்தாலும் எனக்கு இதில் தயக்கம் உண்டு. ஒரே நாளில் பறித்த கொள்ளையில் நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பாத்திரங்கள், தரத்தில் இத்தனை வேறுபாட்டோடு, ஒரே வகையாகக் கிண்ணமும் ஜக்குமாக இருக்குமா? தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த குடும்பச் சொத்து என்பதே பொருத்தமாகப் படுகிறது. அதில் ஒரு பகுதி அன்பளிப்பாகவும் ஒரு பகுதி கொள்ளையாகவும் வந்திருக்கலாம்.

ஏன் புதைத்தார்கள்? ஏன் திரும்பி எடுக்கவில்லை?

பிலிப்பின் மகன் அலெக்சாண்டர் கி.மு. 335-இல் திரிபல்லியர் மீது படையெடுத்தான். அவர்களுடைய மன்னன் சிர்மோஸ் பெண்களையும் குழந்தைகளையும் தன்யூப்பின் நடுவே இருந்த ஒரு தீவுக்கு அனுப்பி, தானும் அங்கே ஒதுங்கினான். அப்படியொரு நேரத்தில் வெள்ளியைச் சுமந்து ஓட முடியாது. 339, 335, அதற்குப் பின் வந்த கெல்ட்டியர் ஊடுருவல் என எதைக் காரணமாகச் சொன்னாலும், புதைத்தவர்களுக்குத் திரும்பி வர வாய்க்கவில்லை.

இன்றைய சந்தையில் மதிப்பு எவ்வளவு?

விற்பனைக்கு வராத பொருளுக்கு விலை சொல்வதில் அர்த்தமில்லை. இருபது கிலோ வெள்ளியின் விலையை யாரும் கணக்குப் போடலாம். ஆனால் 165 பாத்திரங்கள் பிரியாமல் ஒரே தொகுப்பாகத் தப்பியதுதான் இங்கே பெரிய செல்வம். களவாகத் தோண்டியவர்கள் கையில் அகப்பட்டிருந்தால், ஹெராக்ளிஸ் கிண்ணம் ஒரு நாட்டிலும் சிறகுத் தேவி இன்னொரு நாட்டிலும் தனியார் அலமாரிகளில் இருந்திருக்கும். உருவமில்லாத எளிய கிண்ணங்கள் உருகியே போயிருக்கும். "பேயோஸிலிருந்து" என்ற எழுத்தும் அவற்றோடு உருகியிருக்கும். பல்கேரியாவில் சட்டவிரோதத் தோண்டல் இன்றும் பெரிய தொல்லை. இப்படிப்பட்ட பொருளை ஏலத்தில் பார்ப்பவர்கள், அது எந்த மண்ணிலிருந்து, யார் அனுமதியோடு வந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

கோட்டிஸின் பெயர் வேறு எங்காவது கிடைத்திருக்கிறதா?

பல இடங்களில். 1974-இல் வடக்குப் பல்கேரியாவின் போரோவோவில் கிடைத்த வெள்ளித் தொகுப்பில் விலங்கு உடல் முகப்பு வைத்த மதுக்கொம்புகளோடு அவன் பெயர் இருக்கிறது. அலெக்சாந்ரோவோ, வ்ராட்சாவின் மொகிலான் மேடு, ருமேனியாவில் தன்யூப் கழிமுகத்தை ஒட்டிய அகிகியோல் ஆகிய இடங்களிலும் அவன் பெயர் பொறித்த கிண்ணங்கள் அகப்பட்டன. இந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். அவனுடைய எல்லைக்கு வெளியேயும் அவன் வெள்ளி போயிருப்பது தெரியும். அன்பளிப்பு என்ற விளக்கத்துக்கு இது பெரிய பலம்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

வ்ராட்சா வட்டார வரலாற்று அருங்காட்சியகத்தில். சோபியாவிலிருந்து சாலை வழியில் 110 கிலோமீட்டர் அளவு. மேலே சொன்ன மொகிலான் மேட்டுப் பொருள்களும் அங்கேயே இருக்கின்றன. பொன் மாலைக் கிரீடமும், பெண் முகம் பொறித்த வெள்ளிக் கால்கவசமும் அவற்றில் முக்கியமானவை. ரோகோசென் புதையல் கண்டெடுத்த சிறிது காலத்திலேயே, 1986-இல், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதற்குப் பின்னும் சில துண்டுகள் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போவதுண்டு. கிளம்பும் முன் அருங்காட்சியகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. போனால், உருவக் கிண்ணங்களின் முன்னால் கூட்டம் இருக்கும்போது மற்ற அலமாரிகளுக்குப் போங்கள். எழுத்துகள் மிகச் சிறியவை, விளக்கு ஒரு பக்கமாக விழும்போதுதான் புள்ளிகள் தெளியும். கோட்டிஸின் பெயரைக் கண்டுபிடித்ததும் அதற்கடுத்த ஊர்ப் பெயரையும் தேடிப் பாருங்கள்.